வெயிலுக்கு ஒரு புத்தகம், நடுக்கத்துக்கு ஒரு புத்தகம்

கட்டடக் கணக்குப் போடுகிறவர்களிடம் இந்திய வரைபடங்கள் இரண்டு இருக்கும். ஒன்று நிலநடுக்க மண்டலப் படம். நான் வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி 2002இல் திருத்தி வெளியான படத்தை வைத்துத்தான் ஓடியது. அதில் இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்கள்; எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். மற்றொன்று தட்பவெப்பப் படம். வெப்ப வறட்சி, வெப்ப ஈரம், கலவை, மிதம், குளிர் என்று அதில் ஐந்து பகுதிகள். முதல் படம் நிலநடுக்கத் தரநூலில் இருக்கிறது, இரண்டாவது எரிசக்திச் சிக்கன நூலில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் குறைவு.

விரித்துப் பார்த்தால் ஒன்று உறுத்தும். சென்னையும் குவாஹாட்டியும் தட்பவெப்பப் படத்தில் ஒரே நிறம். இரண்டுமே வெப்ப ஈரப் பகுதி. அந்த 2002 நிலநடுக்கப் படத்திலோ சென்னை மூன்றாம் மண்டலம், குவாஹாட்டி ஐந்தாம் மண்டலம். பசுமைக் கட்டட விதியை மட்டும் படிக்கிறவருக்கு இரண்டு ஊர்ச் சுவரும் ஒன்றுதான்.

ஒரே வீட்டுக்கு இப்படி இரண்டு புத்தகம் எப்படி வந்தது? புத்தகமே இல்லாத காலத்தில் வீடு கட்டியவர்கள் வெயிலையும் நடுக்கத்தையும் எப்படிச் சமாளித்தார்கள்? நாற்பதாண்டுகளாகக் கட்டட வேலையில் இருப்பவள் என்ற முறையில் இந்தக் கேள்விகள் என்னை விட்டுப் போகவில்லை.

என் அப்பா அருப்புக்கோட்டைப் பக்கம் மேஸ்திரி. "சுவரு கனமா இருந்தா வீடு குளுகுளுன்னு இருக்கும்" என்பது அவருடைய முதல் பாடம். பகல் வெயிலைத் தடித்த சுவர் மெல்ல மெல்ல உள்வாங்கும். சூடு உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவர் எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர்களுக்குள் சித்திரை மாத மதியத்திலும் தூங்க முடிந்தது. மறுபாதிப் பாடம் எனக்குக் கல்லூரியில் கிடைத்தது. நிலம் பக்கவாட்டில் இழுக்கும்போது கட்டடம் தன் எடையளவுக்கு முரண்டு பிடிக்கிறது. எடை இரட்டித்தால் சுவர்மேல் விழும் விசையும் இரட்டிக்கும். வெயிலைத் தடுக்கும் அதே எடைதான் நடுக்கத்தில் ஆளைக் கொல்கிறது. நிலநடுக்கப் பகுதியில் வீடு கட்டிய ஒவ்வொரு தலைமுறையும் இந்தப் பேரத்தை எப்படியாவது முடித்தாக வேண்டியிருந்தது.

அசாம் முடித்த விதம் எளிது. 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய பெரும் நடுக்கத்தில் அங்கிருந்த கல் கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாமே தரைமட்டமாயின. அதை ஆராய்ந்து ஆர்.டி. ஓல்டாம் 1899இல் வெளியிட்ட அறிக்கையை நிலநடுக்கவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கட்டுகிறவர்கள் கல்லைக் கைவிட்டு, மலைமக்கள் ஏற்கெனவே கட்டிவந்த முறைக்குத் திரும்பினார்கள். ஜன்னல் மட்டம் வரை மட்டும் கல்லோ செங்கல்லோ வைத்து, அதற்கு மேல் மரச்சட்டம் நிறுத்தினார்கள். சட்டங்களுக்கு நடுவே இக்ரா என்ற நாணல் தட்டி. தட்டியின் இருபுறமும் மண்ணோ சுண்ணாம்போ பூச்சு. மேலே செங்குத்தான தகரக் கூரை. இதுதான் 'அசாம் வகை வீடு' என்று ஆவணங்களில் பேர் வாங்கியது. அங்கே ராத்திரியிலும் புழுக்கம் இறங்காது. பகல் சூட்டைத் தேக்கி வைக்கும் தடித்த சுவரால் அங்கே லாபம் குறைவு. காற்று ஓடினால் போதும், மழை வழிந்தால் போதும். லேசான சுவர் வானத்துக்கும் ஒத்தது, நிலத்துக்கும் ஒத்தது. அசாமுக்குப் பேரமே தேவைப்படவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

குவெட்டாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இன்றைய பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் இருக்கும் அந்த ஊரில் குளிர்காலம் உறைநிலைக்குக் கீழே போகும், கோடைப் பகல் சுடும், மரத்துக்குப் பஞ்சம். தடித்த மண் சுவரைத் தவிர வேறு வழியில்லை. 1931இல் பக்கத்து மாச் பகுதியில் நடுக்கம் வந்தபோது ரயில்வே கட்டடங்கள் பல விழுந்தன. அவற்றைத் திரும்பக் கட்டும் பொறுப்பு எஸ்.எல். குமார் என்ற இளம் ரயில்வே பொறியாளரிடம் வந்தது. கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் வந்தாலும் தாங்கும்படி குவெட்டாவில் ஊழியர் குடியிருப்புகளைக் கணக்குப் போட்டுக் கட்டினார். 1933இல் அவர் எழுதிய கட்டுரையில் இந்தியாவுக்கு ஒரு நிலநடுக்க மண்டலப் படத்தையும் வரைந்து சேர்த்தார்.

1935 மே 31 அதிகாலை மூன்று மணிவாக்கில் குவெட்டா நகரம் தூக்கத்திலேயே புதைந்தது. இறந்தவர்கள் குறைந்தது 30,000 பேர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. குமாரின் குடியிருப்புகள் நின்றன. அந்தச் சான்று கண்முன்னே இருந்ததால்தான் குவெட்டாவில் அடுத்து எழுந்த கட்டடங்களுக்கு நிலநடுக்க விதி கட்டாயமானது. துணைக்கண்டத்தின் முதல் நிலநடுக்கக் கட்டட விதி இப்படி ஓர் ஊருக்காக, அந்த ஊரின் செங்கல்லையும் சாந்தையும் மனதில் வைத்துப் பிறந்தது.

அந்த மறுகட்டுமானத்தால் பேர் பெற்ற ஒரு செங்கல் கட்டுமுறை பாடப்புத்தகங்களில் 'குவெட்டா பாண்ட்' என்று இருக்கிறது. ஒன்றரைக் கல் தடிமன் சுவர். வரிசை வரிசையாகக் கல்லை வைக்கும்போதே நடுவில் சிறு குழிகள் விடுவார்கள். குழிக்கு நேர்மேல் குழி வருவதால் சுவர் உயர உயர அது ஒரு குழாய்போல ஆகும். அந்தக் குழாயில் கடைக்காலிலிருந்தே ஒரு கம்பியை நிறுத்தி, சாந்தோ கான்கிரீட்டோ ஊற்றி நிரப்புவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் சுவர்தான். உள்ளே எலும்பு இருக்கும். சுவருக்கு உள்ளே விட்ட இந்த வெற்றிடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி பேச வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலநடுக்க ஆராய்ச்சி வேலை வடக்கே ரூர்க்கிக்கு நகர்ந்தது. 1960இல் பொறியாளர் ஜெய் கிருஷ்ணா அங்கே நிலநடுக்கப் பொறியியலுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1962இல் நாட்டின் முதல் நிலநடுக்கத் தரநூல் வந்தது. 1967இல் சாதாரணக் கட்டடங்களை எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்லும் நூல் வந்தது. ஏ.எஸ். ஆர்யா முதலியவர்கள் செங்கல் அறைகளை ஆட்டிப் பார்த்துக் கண்டு சொன்ன பரிகாரம் எந்தக் கொத்தனாருக்கும் புரியும்: கதவு, ஜன்னல் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஒரு கான்கிரீட் பெல்ட். நான்கு சுவரும் தனித்தனியே ஆடினால் மூலை பிளந்து ஆளுக்கொரு பக்கம் சாயும். பெல்ட் அவற்றைச் சேர்த்துப் பிடித்தால் பெட்டிபோல் ஒன்றாக ஆடும். நம் ஊரில் இன்றும் பல வீடுகளில் லிண்டல் ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக நிற்கிறது. அதைச் சுற்றிலும் இழுத்து மூட்டுவதற்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இந்தப் புத்தகங்களில் வெயில் இல்லை. அதைக் குறை என்று சொல்லமாட்டேன். அவை உயிர் காக்க எழுதப்பட்டவை. ஆனால் வெயிலைப் பற்றிப் பேசாத புத்தகத்தை வெயிலில் வாழ்கிறவர்கள் பின்பற்றுவார்களா என்ற கேள்வியை 1993 கேட்டது.

மராட்டியத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில், கில்லாரி கிராமத்தைச் சுற்றி, செப்டம்பர் 30 விடியற்காலையில் நடுக்கம் வந்தது. அளவு 6.2தான், இமயமலை அடிவாரம் பார்த்த நடுக்கங்களோடு ஒப்பிட்டால் நடுத்தரம். இறந்தவர்களோ எட்டாயிரத்தை ஒட்டி. அந்தப் பகுதி அன்றைய பழைய படத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம். கொன்றது வீடுதான். இரண்டடிக்கும் மேல் தடித்த கல் சுவர். உள்பக்கம் ஓர் அடுக்கு, வெளிப்பக்கம் ஓர் அடுக்கு, நடுவில் துண்டுக் கல்லும் மண்ணும். இரண்டு அடுக்கையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கல் இல்லை. மேலே மர உத்தரங்கள்மீது ஓர் அடிக்கும் மேல் மண் கொட்டிய கூரை. வெயிலைச் சமாளிக்க மராத்வாடா என்ற அந்த வட்டாரம் தலைமுறை தலைமுறையாகக் கண்ட வழி அது.

இன்றைய பசுமை மதிப்பெண் பட்டியலை அந்த வீட்டுக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று யோசித்திருக்கிறேன். உள்ளூர்க் கல், உள்ளூர் மண், சிமென்ட் கிடையாது, ஏசி கிடையாது, வண்டியில் வந்த பொருள் கிடையாது. நல்ல மதிப்பெண்தான் வந்திருக்கும். நடுக்கம் வந்ததும் சுவரின் இரண்டு அடுக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. அத்தனை மண்ணும் தூங்கியவர்கள் மேல் இறங்கியது.

அதே 1993இல் மண் வீடுகளுக்கும் கல் வீடுகளுக்கும் நிலநடுக்க வழிகாட்டி நூல்கள் தனித்தனியே வெளிவந்தன. எளிய, அருமையான நூல்கள் அவை. நான் வேலை பார்த்த அலுவலகங்களில் அவற்றை யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. மண் வீட்டுக்குக் கணக்குப் போட எந்தப் பொறியாளரிடம் யார் வரப்போகிறார்கள்?

நான் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போனது 2001 கோடையில், கொத்தனார்களுக்குப் பயிற்சி தரும் குழு ஒன்றில் ஒருத்தியாக. ஜனவரி 26 காலை 8.46க்கு பச்சாவ் பக்கம் மையம் கொண்ட 7.7 அளவிலான நடுக்கத்தில் 13,800க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தோ சேதமாகியோ கிடந்தன. அஞ்சாரின் குறுகிய தெருவில் குடியரசு நாள் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் இரண்டு பக்கச் சுவரும் விழுந்திருந்தன. கட்ச் ஏற்கெனவே ஐந்தாம் மண்டலம். விதி புத்தகத்தில் இருந்தது, சுவரில் இல்லை.

புஜ் நகரத்துக்கு வடக்கே, ரண் உவர்நிலத்தை ஒட்டிய பன்னி புல்வெளிக்குப் போனபோது காட்சி மாறியது. அங்கே புங்கா என்ற வட்ட வீடுகள் நிறைய நின்றுகொண்டிருந்தன. பன்னிக்கு நடுக்கம் புதிதல்ல. 1819 ஜூன் 16 அன்று வந்த நடுக்கத்தில் ரண்ணுக்குள் இருந்த சிந்திரிக் கோட்டை நீரில் மூழ்கியது. அதற்கு வடக்கே சமவெளியில் எண்பது கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒரு மேடு புதிதாக எழும்பியது. அதை மக்கள் அல்லா கட்டிய அணை என்ற பொருளில் அல்லா பந்த் என்கிறார்கள். சார்லஸ் லயல் தன் புவியியல் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அகமதாபாத் ஜாமா மசூதியின் மினார்கள் சரிந்ததும் அன்றுதான். இப்படிப்பட்ட நிலத்தில், கோடையில் 45 பாகையைத் தொடும் வெயிலில், மணற்காற்றும் புயலும் வீசும் வெளியில் நிலைத்த வடிவம் புங்கா.

ஹோட்கா பக்கம் ஒரு மேக்வால் குடியிருப்பில் ஒரு புங்காவை டேப் பிடித்து அளந்தேன். உள் விட்டம் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுவர் ஒன்றரை அடி. சீமைக்கருவேல் குச்சிகளை நட்டுப் பின்னி, இருபுறமும் மண் அப்பியது. ஒரு வாசல், இரண்டு சின்ன ஜன்னல்கள். பாயில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே காற்று வரும் உயரத்தில். எதிரெதிர்ச் சுவர்களுக்குக் குறுக்கே ஒரு தடித்த மர உத்தரம். அந்த உத்தரத்தின் நடுவில் ஒரு குட்டைத் தூண். தூணின் தலையிலிருந்து விரியும் கைமரங்கள். அவற்றின் மேல் புல் வேய்ந்த கூம்புக் கூரை. வேறு சில வீடுகளில் உத்தரம் சுவர்மேல் உட்காராமல், சுவருக்கு வெளியே நட்ட இரண்டு கம்பங்கள்மேல் உட்கார்ந்திருந்தது. அங்கே சுவர் விழுந்தாலும் கூரை விழாது.

கணக்குத் தெரிந்த கண்ணுக்கு இது தெளிவு. நாற்சதுர வீட்டில் முதலில் பிளப்பது மூலை. இங்கே மூலையே கிடையாது. எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் வளையம் முழுவதும் சேர்ந்து தாங்கும். திறப்புகள் சின்னவை, அதனால் சுவர் அறுபடுவது குறைவு. எடையெல்லாம் கீழே, தலையில் வெறும் புல். வெயிலுக்கும் அதே பதில்: தடித்த மண் சுவர் சூட்டைத் தாமதப்படுத்தும், புல் கூரை சூட்டை இறக்காது, வட்டச் சுவரைக் காற்று வழுக்கிக்கொண்டு போகும். எடை வேண்டிய இடத்தில் எடை, கூடாத இடத்தில் லேசு. லாத்தூர் வீடும் உள்ளூர்க் கல்லும் மண்ணும்தான், வெயிலுக்குத்தான் கட்டியது. அங்கே எடை தலையில் ஏறியிருந்தது, சுவருக்குக் கோப்பு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எல்லாப் புங்காவும் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குச்சிப் பின்னலும் பச்சைச் செங்கல்லும் விட்டுவிட்டு, கரடுமுரடான கல்லை மண் சாந்தில் வட்டமாக அடுக்கியவை பல இடங்களில் சரிந்திருந்தன. புல்லுக்குப் பதில் மங்களூர் ஓடு ஏற்றியவையும் அதிகம் அடிவாங்கியிருந்தன. வட்டமாக இருந்தால் மட்டும் போதாது.

நான் அளந்த வீட்டின் பெண் வாசலோரம் பூச்சுவேலையில் இருந்தார். ஏரிப் படுகைக் களிமண், சாணம், நறுக்கிய புல் மூன்றையும் காலால் மிதித்துக் குழைத்து, உள்ளங்கையால் வளைவு வளைவாக இழுத்துத் தேய்த்தார். கதவின் மேல்மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாகப் போன, விரல் நுழையும் அகலமுள்ள ஒரு விரிசலைக் காட்டி, அரைகுறை இந்தியில் சொன்னார்: "சுவரு விரிஞ்சது, அக்கா. கூரை அசையல. மண்ணைக் குழைச்சு அடைச்சாச்சு."

இந்த வீட்டைப் பற்றி நான் புகழ்ந்து பேசிக்கொண்டே போனதும் சிரித்தார். "உங்களுக்குப் பிடிச்சிருக்கு. எனக்கு ஸ்லாப் போட்ட வீடு ஒண்ணு வேணும். வருஷாவருஷம் மெழுகுறது என் கைதானே?"

பாரம்பரியக் கட்டடக்கலை பற்றிய கருத்தரங்குகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. மண் வீட்டின் பராமரிப்புச் செலவு பணமாக எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, ஏனென்றால் அது பெண்களின் முதுகிலிருந்து போகிறது. பசுமை விதி எழுதுகிறவர்கள் எரிசக்தியை எண்ணும்போது இதையும் எண்ண வேண்டும்.

குஜராத்தில் மறுகட்டுமானத்துக்கு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பொறுப்பேற்றது. ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல், வீட்டுக்காரர் கையிலேயே பணத்தைத் தவணையாகக் கொடுத்தார்கள். பெல்ட் இருக்கிறதா, மூலைக் கம்பி இருக்கிறதா என்று பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை. இந்த நாட்டில் கிராமத்து வீட்டுச் சுவருக்குள் நிலநடுக்க விதியைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏற்பாடுகளில் இதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் சோதனைப் பட்டியலில் இருந்தது நடுக்கம் மட்டும்தான். நான் பிறகு ஒரு மே மாதம் போனபோது பல வீட்டு முற்றங்களில் கான்கிரீட் அறையும் புங்காவும் அருகருகே நின்றன. அறைக்குள் பீரோவும் தானிய மூட்டையும். மதியம் படுக்கப் பாய் விரித்தது புங்காவுக்குள்.

இரண்டையும் சேர்க்கும் முயற்சிகளும் அங்கேயே நடந்தன. புஜ்ஜைச் சேர்ந்த ஹுன்னர்ஷாலா அமைப்பு, கொஞ்சம் சிமென்ட் கலந்து உறுதியாக்கிய மண்ணில் வட்ட வீடுகளைக் கட்டியது. நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில் புவி நிறுவனம் தன் கல்லை அங்கே கொண்டுபோனது. உள்ளூர் மண்ணில் ஐந்து விழுக்காடு அளவுக்குச் சிமென்ட் கலந்து அச்சில் அழுத்திய கல். சூளை கிடையாது, விறகு கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் அந்தக் கல்லின் நடுவில் துளை இருக்கிறது. துளைக்கு நேரே துளை வர, மூலையிலும் கதவோரத்திலும் கம்பி இறக்கி நிரப்புகிறார்கள். ஐந்தாம் மண்டலத்திலேயே இரண்டு தளம் வரை கட்டலாம் என்று குஜராத் ஆணையம் அதற்கு ஒப்புதல் தந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழக அரசும் அதை ஏற்றது.

பசுமைக் கட்டடப் புத்தகங்களின் கதை இதற்குப் பக்கத்திலேயே, ஆனால் வேறு பாதையில் ஓடியது. கட்ச் அதிர்ந்த அதே 2001இல் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் தொடங்கியது. 2007இல் கிருஹா மதிப்பீட்டு முறையும் எரிசக்திச் சிக்கனக் கட்டட நெறியும் வந்தன. 2018இல் குடியிருப்புகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதை வந்தது. குளிர்ப் பகுதி நீங்கலாக, சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் சூடு சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அது வரம்பு போட்டது. எல்லாம் தேவையான விதிகள். இவை தட்பவெப்பப் பகுதிவாரியாகப் பேசுகின்றன. நிலநடுக்க மண்டலவாரியாகப் பேசுவதில்லை. பாதுகாப்பை இன்னொரு நூல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றன. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட நெறிநூலிலேயே கட்டமைப்பு ஆறாம் பகுதி, நீடித்த பசுமை பதினொன்றாம் பகுதி. ஒரே புத்தகத்துக்குள்ளும் இரண்டு புத்தகம்.

இப்போது சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கு வருகிறேன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரப்பிய 'ராட் டிராப்' கட்டுமுறையை நம் கொத்தனார்கள் பலருக்குத் தெரியும். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு நடுவே மூன்று அங்குல இடைவெளி விழும். கால்வாசிச் செங்கல் மிச்சம். அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். சுவர் எடையும் குறையும். பேக்கர் அந்த இடைவெளியைச் சிக்கனத்துக்கும் குளிர்ச்சிக்கும் விட்டார். குவெட்டாவில் அதுபோன்ற ஓர் இடைவெளியைக் கம்பிக்காக விட்டார்கள். ஆரோவில் கல்லின் துளை இரண்டுக்கும் உதவுகிறது. ராட் டிராப் சுவரின் மூலையிலும் கதவோரத்திலும் அந்த இடைவெளிக்குள் கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றி, லிண்டல் மட்டத்தில் பெல்ட் போட்டால், ஒரே சுவர் இரண்டு புத்தகத்துக்கும் பதில் சொல்லும். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். காற்றுக்கு விட்ட இடத்தையும் கம்பிக்கு விட்ட இடத்தையும் ஒரே பக்கத்தில் எழுதினால் போதும்.

தமிழ்நாட்டுக்கு இது அடுத்தவர் கதை இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் ஆறு அளவை ஒட்டிய நடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்தது. அடுத்த ஆண்டே சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

நம் ஊரில் பசுமையின் பேரில் நடக்கும் இரண்டு காரியங்களை மட்டும் பார்ப்போம். முதலாவது மாடித் தோட்டம். ஓர் அடி ஆழ ஈரமண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய அரை டன். ஐந்து அங்குல ஸ்லாபின் எடையே அதைவிடக் குறைவு. மொட்டைமாடியில் நடமாட்டத்துக்கென்று கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோதான். தொட்டியிலும் பையிலும் பரவலாக வைத்தால் பெரிய பாதகமில்லை. ஏற்கெனவே கட்டிய வீட்டின் மேல் மண்ணைப் பரப்பிப் பாத்தி கட்டினால், அது லாத்தூர்க் கூரையின் வேலையைத்தான் செய்கிறது. இரண்டாவது, தரைத்தளத்தைத் தூண்கள்மேல் திறந்துவிடும் ஸ்டில்ட் பார்க்கிங். காற்று ஓடும், வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் நுழையாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதை எல்லோரும் விரும்புகிறார்கள். ஆனால் 2001இல் நடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் நொறுங்கியதற்கு முக்கியக் காரணம் இந்தத் திறந்த தரைத்தளமே. மேலே சுவர் நிறைந்த தளங்கள், கீழே வெறும் தூண்கள், தூண்கள்தான் முறிந்தன. தூண்களைப் பலப்படுத்தி, இடையிடையே கான்கிரீட் சுவர் நிறுத்தினால் ஸ்டில்ட் தளமும் பத்திரமாக நிற்கும். அதை யார் கேட்கிறார்கள்?

மறுபக்கம் நல்ல செய்தியும் உண்டு. காற்றுக் குமிழ் நிறைந்த லேசான ஏஏசி கான்கிரீட் கல்லின் எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். வெயிலையும் நன்றாகத் தடுக்கும். புழுக்கமான கடற்கரை ஊர்களுக்கு எடை குறைந்த, நிழல் மிகுந்த, காற்றோட்டமான சுவர் இரண்டு வகையிலும் சரி. பகல் சுட்டு இரவு குளிரும் உள்மாவட்டங்களுக்குத் தடித்த மண்கல் சுவர் சரி, உள்ளே கம்பியும் மேலே பெல்ட்டும் இருந்தால். ஒரே மாநிலத்துக்கே இரண்டு மூன்று விடைகள் வேண்டியிருக்கும்போது, நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்?

2003இல் மழைநீர் சேகரிப்பு இந்த மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, தெருத்தெருவாகக் குழாய் போட்டோம். விதி தெளிவாக இருந்து, வந்து பார்க்க ஆளும் இருந்தால் நம் மக்கள் செய்வார்கள். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தட்பவெப்பப் பகுதியையும் நிலநடுக்க மண்டலத்தையும் சேர்த்து ஒரே அட்டவணையாகப் போட்டு, சாதாரணச் சுவருக்கும் கூரைக்கும் கொத்தனார் படிக்கிற தமிழில் படத்தோடு ஓர் இணைப்பு சேர்க்க வேண்டும். குவெட்டா ஓர் ஊருக்கு ஒரு விதி எழுதியது. முப்பத்தெட்டு மாவட்டத்துக்கு நம்மால் முடியாதா?

அரசு எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். வீடு கட்டப்போகிறவர்கள் உங்கள் பொறியாளரிடம் இரண்டு கேள்வியை ஒரே நாளில் கேளுங்கள்: "மே மாத மதியம் இந்தச் சுவர் என்ன செய்யும்? நிலம் ஆடினால் என்ன செய்யும்?" ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறவரிடம் இன்னொன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு கடைக்கால் தோண்டுங்கள்.